காது போன கதை

செங்கல் சூளையில் எப்போதும் முன்னால் நடப்பது மணி கட்டிய கழுதை. மற்ற கழுதைகள் அதை அக்கா என்று கூப்பிடும். சுமை தாங்காமல் எந்தக் கழுதையாவது நின்றுவிட்டால், அக்கா திரும்பி வந்து காதைக் கடிக்கும். "வேத்தாளா இருந்தா போகட்டும்னு விட்டுடுவேன். நம்ம பொண்ணாச்சேன்னுதான் கடிக்கிறேன்" என்று சொல்லும்.

சாம்பல் கழுதைக்கு அங்கே பாதிக் காது போயிற்று. பிறகு துணி மூட்டை சுமக்க வேறு இடத்துக்கு வந்தது; ஒரு குட்டியும் போட்டது. கொட்டகையில் கூட இருந்த குதிரை காதைப் பற்றிக் கேட்டபோது, "முள்கம்பி கிழிச்சிடுச்சு" என்றது. கழுதை கடித்ததைப் போய் ஒரு குதிரையிடம் எப்படிச் சொல்வது? குட்டியிடமும் அதே பொய்தான்.

ஒரு நாள் சூளைக்கு ஆள் தேடி அக்காவே வாசலில் வந்து நின்றது.

"குட்டி வளந்துட்டாளே! என்கூட அனுப்பு. நம்ம புள்ளய நான் பாத்துக்க மாட்டேனா?"

குட்டி துள்ளி ஓடியது. "போறேம்மா! நம்ம பெரியம்மாதானே!"

சாம்பல் கழுதை குறுக்கே பாய்ந்து குட்டியை மறித்தது. "போகாதடி. என் காதைக் கடிச்சுத் துப்பினது அவங்கதான்."

குதிரை கனைத்துக் கனைத்துச் சிரித்தது. "அதானே பார்த்தேன்! கழுதைங்க புத்தி வேற எப்படி இருக்கும்?"

"கேட்டியா? குதிரை முன்னாடி நம்ம மானத்த வாங்கிட்டியேடி" என்றது அக்கா.

"ஆமாக்கா, வாங்கிட்டேன். நீங்க கிளம்புங்க."

மணிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை குதிரை சிரித்துக்கொண்டேதான் இருந்தது. சாம்பல் கழுதை குட்டியை வயிற்றோடு ஒட்டி நிறுத்தி, அசைய விடாமல் நின்றது.