ஓட்டையில்லாத வலை

"ஒரு கொசு, டாக்டரம்மா! ஒரே ஒரு கொசு இந்த வலைக்குள்ள போயிருந்தா, கடைச் சாவியை உங்க கையில கொடுத்துட்டு நான் நடையைக் கட்டுறேன்!"

கொசுவலை வியாபாரி சும்மா சவடால் விடவில்லை. பிறந்த நிமிஷத்திலிருந்து மகளின் ஆஸ்பத்திரித் தொட்டிலை மூடியிருப்பது அவருடைய சரக்கிலேயே உசத்தியான சரக்கு. கட்டில் அளவு வலை; தொட்டிலைச் சுற்றித் தரைவரை புரண்டது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும் டார்ச் அடித்து மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டார். ஊசி நுழைய இடமில்லை. அப்புறம் டெங்கு எப்படி?

"உங்க மிஷின்லதான் கோளாறு. இன்னொரு தரம் ரத்தம் எடுத்துப் பாருங்க."

"பார்த்தாச்சு சார். டெங்குதான். பிளேட்லெட் குறைஞ்சிருக்கு. ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும்."

"மூணு நாள்ல முடிச்சுக் கொடுங்க."

"சார், இதுல பேரமா?"

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அஞ்சு!"

பேரம் பேசாமல் அவருக்கு மூச்சுகூட விட வராது. ஆனால் வலைக்குள்ளிருந்து ஈனஸ்வரத்தில் ஓர் அழுகை கேட்டதும் குரல் இறங்கிவிட்டது.

"பொழைச்சுக்குவாள்ல, டாக்டரம்மா?"

"கண்டிப்பா. காய்ச்சல் இறங்குது, பாலும் குடிக்கிறா. பயப்படாதீங்க."

"அப்போ அந்தப் பாழாப்போன கொசு எப்படி உள்ள வந்துச்சு?"

"வரவே இல்ல. பிரசவத்தப்போ உங்க மனைவிக்குக் காய்ச்சல் அடிச்சுதே, அதுவும் டெங்குதான். இப்பதான் ரிசல்ட் வந்துச்சு. அம்மாகிட்டேயிருந்து குழந்தைக்குத் தொத்தியிருக்கு."

வியாபாரிக்குப் போன உயிர் திரும்பியது.

"பார்த்தீங்களா! என் வலை மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது!" சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மனைவியின் கட்டில் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வலைக்காரன் பொண்டாட்டி போய்க் கொசுகிட்ட கடி வாங்கலாமா? கடைத்தெருவுல நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மானம் என்னாகும்?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் மெதுவாகப் புரண்டாள்.

"மழையில கடைச் சரக்கெல்லாம் வித்துத் தீர்ந்ததும், பொறக்கப்போற பிள்ளைக்கு வேணும்னு இந்த ஒரு வலையை மட்டும் துவைச்சு மடிச்சு பீரோவுல பூட்டி வச்சீங்களே... அதுவரைக்கும் இது என் கட்டில்லதானேங்க தொங்கிச்சு?"