ஆளில்லாத ஜன்னல்

"என்னை அழிச்சிடுங்கக்கா" என்றாள் தையல்காரி.

அடுக்குமாடிக் கோபுரத்தின் கீழ்த்தளக் கூடத்தில், மறுநாள் கண்காட்சிக்குப் படங்களை மாட்டிக்கொண்டிருந்த படக்காரிக்குச் சுருக்கென்றது. அவள் ஓவியர்தான். எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் உட்கார்ந்து இந்தக் கோபுரத்தையே வரைந்து தள்ளியதில், குடியிருப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. துணி உலர்த்துகிறவள், பல் துலக்கிக்கொண்டே சண்டை போடுகிறவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறிக்கிறவள் என்று ஜன்னலுக்கு ஓர் ஆள். பார்த்ததைப் பார்த்தபடி வரைகிறவள் என்று பத்திரிகைக்காரர்கள் பாராட்டியிருந்தார்கள்.

பெரிய படத்தின் மூன்றாம் மாடி ஜன்னலில், நூலைப் பல்லால் கடித்தபடி தையல்காரி இருந்தாள், கழுத்துத் தழும்பு உட்பட.

"உன்னை எடுத்துட்டா படமே செத்துடும்மா."

தையல்காரி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். அந்தத் தழும்பு புருஷன் வைத்த சூடு. அவனுக்குத் தெரியாமல் ஓடிவந்துதான் இங்கே ஒளிந்திருக்கிறாள். கண்டுபிடித்தால் இந்த முறை சூட்டோடு விடமாட்டான்.

"இதை அவன் பார்த்தான்னா, மாடியை எண்ணிக்கிட்டு நேரா வந்து நிப்பான்க்கா."

படக்காரிக்கு மனசு கேட்கவில்லை. அவளைப் படத்திலிருந்து எடுக்கவும் மனசில்லை. மூக்கும் முழியுமாக அப்படி ஓர் உருவம் அவள் கையில் அதற்குமுன் அமைந்ததே இல்லை. கடைசியில் ஒரு நடுவழி கண்டாள். படத்தின் மூன்றாம் மாடி ஜன்னலில் திரை வரைந்து மூடினாள். படத்தில் ஆளே இல்லாமல் ஒரு ஜன்னல்தான் இருந்தது, ஐந்தாம் மாடியில், ஓரத்தில். தையல்காரியை அங்கே ஏற்றி உட்காரவைத்தாள்.

அந்த வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்று தையல்காரி பயந்தாள். வரமாட்டார்கள், அது தன் பொறுப்பு என்று படக்காரி சிரித்தாள்.

கண்காட்சி களைகட்டியது. ஆளாளுக்குத் தங்கள் ஜன்னலைத் தேடினார்கள். தொப்பையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாமே என்று காவலாளி குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த நாள் பத்திரிகையில் பெரிய படம் வண்ணத்தில் வந்தது.

அன்று மாலை, கூட்டம் கலைந்தபின் ஒருவர் உள்ளே வந்தார். கசங்காத சட்டை, சாந்தமான முகம். நேராகப் பெரிய படத்தின் முன்னால் போய் நின்றார்.

"கழுத்துத் தழும்பைக்கூட விடலையே, மேடம். அப்படியே அவதான்."

அது வெறும் கற்பனை, அப்படி யாரும் இங்கே இல்லை என்றாள் படக்காரி.

"நீங்க பார்த்ததைத்தான் வரைவீங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கே."

சிரித்துக்கொண்டே, தரையிலிருந்து ஒவ்வொரு மாடியாக விரலால் தொட்டு எண்ணினார். விரல் ஐந்தில் நின்றது. பக்கவாட்டில் நகர்ந்து ஓரத்து ஜன்னலைத் தடவிப் பார்த்தது. பிறகு நன்றி சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தார்.

அங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், பின்னே எங்கே என்று கேட்பான். தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பெண்ணின் உயிர் தன் நாக்கு நுனியில் இருப்பதுபோல் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

லிஃப்ட் கதவு மூடியது.

காவலாளியைக் கூவி அழைத்தபடியே கைப்பேசியை எடுத்தாள். அவசரத்தில் எண் இரண்டு முறை தப்பியது. எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுக்கப்பட்டது.

"பாப்பா, அம்மா பேசறேன். அஞ்சாம் மாடிக்கு ஒருத்தன் வர்றான். நம்ம வீட்டுக் கதவைத் திறக்காதே."

"இப்பத்தாம்மா மணி அடிச்சாங்க. நீதான்னு நினைச்சுத் திறந்துட்டேன்."