ஜன்னல் பட்டையில் துரு

நந்திதாவின் பெட்டி காரின் பின் சீட்டில் ஏறிப் பல நாளாகிவிட்டது. கார்தான் இன்னும் கிளம்பவில்லை.

தினமும் அந்தப் பெட்டியிலிருந்தே புடவை எடுத்துக் கட்டினாள். துவைத்து மடித்து மறுபடி அதிலேயே வைத்தாள். வீட்டு பீரோவை அவள் திறப்பதே இல்லை.

போர்ட்டிகோவில் குத்துக்காலிட்டிருந்த அவள் கணவன் மனோஜ்குமார், அந்தப் பழைய ஃபியட்டின் ஜன்னலைச் சுற்றி ஓடும் வெள்ளிநிறப் பட்டையைத் தொட்டுப் பார்த்தான். ஆடுகிற பல்லைப் போல அசைந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியதும் உள்ளிருந்து செம்மண்ணாய்த் துரு கொட்டியது. பட்டையைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகள் அரித்துப்போயிருந்தன. போன ஞாயிற்றுக்கிழமைதான் புதிதாக மாட்டியிருந்தான்.

"முடிஞ்சுதுங்களா?" வாசற்படியிலிருந்து நந்திதா கேட்டாள்.

"எங்க முடியுது? மறுபடியும் துரு."

"ஓ." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எத்தனை அவசரம் என்று மனோஜுக்கு நெஞ்சு கசந்தது.

கல்யாணத்தன்று மாமனார் நஞ்சுண்டன் ஆனைமலையிலிருந்து மகளை இந்தக் காரில்தான் கூட்டி வந்தார். சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, தான் பொள்ளாச்சி பஸ் ஏறிப் போனார். அந்த மனிதர் அண்மையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துத் தேறி வரும்வரை, பட்டறையில் பம்பு ஆர்டர் அவசரம் என்று மனோஜ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நந்திதா கேட்டாள். ஏன் வந்து பார்க்கவில்லை என்ற பேச்சு முற்றியது. "உங்கப்பன் குடுத்த தகரத்த எடுத்துக்கிட்டு உங்கப்பன் ஊட்டுக்கே போ" என்று சொல்லிவிட்டான்.

"போறனுங்க. ஆனா எங்கப்பா வண்டி எப்படி வந்துச்சோ அப்படியே திரும்பிப் போகோணும். பட்டை தொங்கற வண்டியக் கொண்டுபோயி அவரு வாசல்ல நிறுத்த மாட்டேன்."

அன்று தொடங்கிய வேலை இது. எமரித் தாளால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து, புதுக் கிளிப் மாட்டுவான். வாரம் திரும்பினால் துரு. மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. கை மட்டும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிப் போனது.

மதியம் ரசத்தை வாயில் வைத்தவன் நிமிர்ந்தான். "உப்பே இல்ல."

"உப்புப் போட்டுத் தின்னுதான இத்தன ரோசம்? கொஞ்ச நாளைக்குக் கொறச்சுக்கங்க."

தட்டை வழித்துத் தின்றுவிட்டு எழுந்தான்.

உக்கடத்தில் பழைய கார் சாமான் விற்கும் ஷாஹுல், அவன் நீட்டிய துருக் கிளிப்பை வாங்கி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"கரிக்குது சார். தூத்துக்குடிப் பக்கத்து வண்டிலதான் இப்படி அரிச்சிருக்கும். எந்தத் தண்ணில கழுவறீங்க?"

"போர் தண்ணிலதான்."

"அப்படிச் சொல்லுங்க! உங்க ஏரியா போர் தண்ணில சோப்பே நுரைக்காது. கொழாயில வர்ற சிறுவாணித் தண்ணி ஊத்துங்க."

"குடிக்கவே அது பத்தறதில்லைங்க."

"அப்ப எவர்சில்வர் கிளிப்தான் வழி. எந்தத் தண்ணிக்கும் அசையாது." வாராவாரம் கிளிப் வாங்க வருபவனின் கதை அவருக்குத் தெரியும்; பொட்டலம் மடித்துக்கொண்டே சிரித்தார். "வண்டி ஆனைமலைக்குத்தான போகுது? சீக்கிரம் அனுப்பிச்சிருங்க. இல்லீன்னா ஊட்டுக்காரம்மா உங்க பேரச் சொல்லி அந்த ஊரு மாசாணியம்மன்கிட்ட நாயங்கேட்டு மொளகா அரைச்சுப்போடுவாங்க."

மனோஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

வழியில் உக்கடம் பெரியகுளத்துக் கரையில் பைக்கை நிறுத்தினான். பொட்டலத்தைத் தண்ணீரில் வீசிவிட்டால் என்ன? இன்னும் ஒரு வாரம் இருப்பாள். உப்பில்லாத ரசமானாலும் அவள் கையால் ஊற்றுவாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. வீம்புக்கு இழுத்தடிக்கிறான் என்று அவள் நினைத்துவிட்டால்? பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினான்.

ஒவ்வொரு கிளிப்பும் 'டக்'கென்று உட்கார்ந்தது. பட்டை கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டது. வெயில் சாய்ந்த நேரத்தில் அது பளபளவென்று மின்னியபோது, அவனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"முடிஞ்சுதுங்களா?"

கையில் ஒரு சொம்போடு நந்திதா வந்து நின்றிருந்தாள். செடிக்கு ஊற்ற வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"முடிஞ்சுது." அவன் எழுந்திருக்கவில்லை. "காலைல கெளம்பிக்கலாம், கண்ணு."

அந்தக் 'கண்ணு' எப்படி வந்து விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. சண்டைக்குப் பிறகு அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அவள் குனிந்து பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினாள். அது அசையவில்லை.

"இது எவர்சில்வர். இனி எந்தக் காலத்துலயும் துருப்பிடிக்காது" என்றான் தரையைப் பார்த்தபடி.

நந்திதா சட்டென்று பட்டையிலிருந்து விரலை எடுத்தாள். சொம்புத் தண்ணீர் தளும்பி அவன் புறங்கையில் விழுந்தது. ஸ்க்ரூ டிரைவர் கிழித்திருந்த இடம் சுரீரென்று எரிந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"ஏனுங்க… எத்தன உப்புப் போட்டாலும் பிடிக்காதுங்களா?"