தோட்டா மேசை

மேசைமேல் இரண்டு வெடிமருந்து டப்பாக்கள் திறந்திருந்தன.

காப்பிக் கோப்பையோடு வந்த ஆர்டிஸ், கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவள் கணவர் வெர்லின் வீட்டிலேயே தோட்டா அடைப்பவர். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைத் துலக்கி, வெடிமருந்து நிரப்பி, முனையில் குண்டு பொருத்தி மறுபடி தோட்டாவாக்குவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மேசையை அவள் பார்க்கிறாள். வேலைக்கு முன்னும் பின்னும் தூரிகையால் பெருக்குவார். ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் உருவம் வரைந்திருக்கிறார். அந்தந்தக் கோட்டுக்குள்தான் அது தொங்க வேண்டும். தின்பதும் குடிப்பதும் வாசலுக்கு வெளியே. புதுப்பெண்ணாக இருந்தபோது ஒரு முறை அவள் பிஸ்கட்டோடு உள்ளே போய், அந்தத் துணுக்குகளுக்காகச் சாயங்காலம்வரை பேச்சு வாங்கியிருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான். மருந்து இறங்கும் குழலுக்குள் இருப்பது எது என்று சொல்ல அந்த ஒரு டப்பாதான் சாட்சி. எல்லா மருந்தும் பார்க்க ஒன்றுபோல் சாம்பல் நிறக் குருணைதான். ஒன்று நிதானமாக எரியும். இன்னொன்று குப்பென்று எரியும். மாறிப்போனால் துப்பாக்கி, சுடுகிறவன் கன்னத்தோரமே வெடித்துச் சிதறும்.

இன்று குழலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"உன் மேசையப் பாத்தா ஆபரேஷன் பண்ற இடம் மாதிரி இருக்கு, வெர்லின்," என்றான் ராய்ஸ். வெர்லினின் தங்கை புருஷன். "என் வீட்டு அடுப்படி ஒரு நாளும் இப்படி இருந்ததில்ல. அவகிட்டச் சொல்லிடாத, எனக்குச் சோறு கிடைக்காது."

வெர்லின் சிரித்தார். முடித்த தோட்டாக்கள் திறந்த பெட்டியில் வரிசையாக நின்றன. நாளை விடிந்தால் வயோமிங்கின் இந்தப் பக்கத்து மலைகளில் எல்க் மான் வேட்டை தொடக்கம். ராய்ஸ் அந்தப் பெட்டிக்காகத்தான் வந்திருக்கிறான். வெளியே அவன் வண்டி அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

போன மாதம் வீட்டுக்குத் திரும்பும் முக்கில் வெர்லின் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிப்பவர்போல. கேட்டதற்கு, வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார். அன்று வானம் மூடிக் கிடந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சொல்லலாம். ராய்ஸ் முன்னால், இந்த மேசை முன்னால், 'நீ எதை அடைத்தாய் என்று உனக்குத் தெரியுமா?' என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் என்னவாக மிஞ்சுவார்?

ராய்ஸின் கை பெட்டிமேல் போயிற்று.

ஆர்டிஸ் வாசலைத் தாண்டினாள். ராய்ஸுக்காகக் கலந்த காப்பி, பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. எட்டிப் பெட்டிமேல் கோப்பையைக் கவிழ்த்தாள்.

"ஆர்டிஸ்!"

வெர்லின் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. காப்பி தோட்டாக்களுக்கிடையில் நிரம்பி, மேசையில் வழிந்து, டப்பாக்களை நோக்கி ஓடியது. அவர் இடது கையால் ஒன்றைத் தூக்கினார். வலது கையால் மற்றதைத் தூக்கினார்.

அப்படியே நின்றார்.

இந்தக் கையைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். பிறகு குழலைப் பார்த்தார்.

"கை தவறிடுச்சு," என்றாள் ஆர்டிஸ்.

"அதுக்கென்ன, துடைச்சாப் போச்சு," ராய்ஸ் சட்டை நுனியால் ஒரு தோட்டாவைத் துடைத்தான். "போன வருஷம் முழுப் பெட்டியும் ஆத்துல விழுந்துச்சே. காய வச்சு அத்தனையும் சுடல? உள்ள பொட்டுத் தண்ணி போகாதுன்னு நீதான வெர்லின் சவால் விட்ட?"



"அது ஆத்துத் தண்ணி," என்றார் வெர்லின் மெதுவாக. "இது காப்பி. சக்கரை போட்டது. இந்தப் பெட்டி இங்கேர்ந்து போகாது."

ராய்ஸ் வாயைத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்தான். அவர் கைகளைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"ஆமாமா," என்றான். "சக்கரைன்னா பிசுபிசுன்னு ஒட்டிக்கும். நான் போற வழியில கடையில வாங்கிக்கிறேன்."

துடைத்த தோட்டாவை அதன் குழியிலேயே திரும்ப வைத்தான். போகும்போது ஆர்டிஸின் தோளை ஒரு தட்டுத் தட்டினான். "இந்த வருஷம் என் மான் பொழைச்சது உன்னாலதான்."

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு, வெர்லின் குழலைக் கழற்றிக்கொண்டு போய், இருந்த மருந்தையெல்லாம் பின்பக்கப் புல்லில் தூவினார். டப்பாக்களை அலமாரிக்குள் வைத்தார். மேசையைத் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது படுக்கையில் அவர் இல்லை. கொட்டகையில் விளக்கு எரிந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

அலமாரி பூட்டியிருந்தது. கருவிகள் எல்லாம் தங்கள் கோட்டுக்குள் தொங்கின. மேசை முன்னால் வெர்லின் உட்கார்ந்திருந்தார். மருந்து நிறுக்கும் தராசு இருக்கும் இடத்தில், ஆவி பறக்க, அவருடைய காப்பிக் கோப்பை இருந்தது.

அதன் பக்கத்தில் அவளுடையதும்.