அத்தையின் கைப்பக்குவம்

"இதையா கறி உருண்டைன்னு விக்கிறாங்க? எங்க வீட்டுப் பூனை மோந்துகூடப் பார்க்காது" என்றாள் குன்வோர், முள்கரண்டியில் குத்திய உருண்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி.

மருமகள் மலின் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஸ்டாக்ஹோமில் நூறாண்டு பழமையான இந்தப் பீர் கூடத்துக்கு மாமியாரை அழைத்து வரவே அவள் ஒரு மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் விருந்து எப்போதும் குன்வோர் வீட்டில்தான். காரணம், குன்வோர் வைக்கும் கறி உருண்டை. அது இல்லாத மேசை விருந்து மேசையே இல்லை என்பது அந்தக் குடும்பத்தின் வேதம். அந்த மேசையில் மலினின் அம்மாவுக்கு மட்டும் இதுவரை ஒரு நாற்காலி கிடைத்ததில்லை. வடக்கே, பனிக்காட்டு ஊரில், அவர் தனியாகவே பண்டிகையைக் கழித்துவந்தார்.

"உருண்டைதானே பிரச்சினை? பீர் கூடத்துல வாங்கிக்கலாம். சாப்பிட்டுப் பாருங்க அத்தை, நல்லா இருந்தா இந்த வருஷம் விருந்து எங்க வீட்ல" என்று சொல்லியிருந்தாள் மலின். அந்தப் பரீட்சைதான் இப்போது நடந்துகொண்டிருந்தது.

சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பரீட்சை அதிகாரி, தட்டைத் தள்ளிவைத்தாள்.

"உப்புமில்ல, உறைப்புமில்ல. குழம்பு சளசளன்னு இருக்கு. நீயே சொல்லுடா ஸ்டெலன்."

"அம்மா சொல்றது சரி" என்றான் ஸ்டெலன். மலினின் கணவன். சொந்தமாக ஒரு கருத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அவனுக்குக் கிடையாது. "மாவு உருண்டை மாதிரி இருக்கு. அம்மா செஞ்சா வாயில வெச்சதும் கரையும்."

சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைப் பழ ஜாமில் புரட்டி விழுங்கினான்.

"அப்புறம் எதுக்கு வழிச்சு வழிச்சுத் திங்கிறீங்க?" என்றாள் மலின்.

"வீணாக்கக் கூடாதுல்ல."

குன்வோர் உதட்டைப் பிதுக்கினாள். "கடையில வாங்கி கிறிஸ்துமஸ் மேசையில வைக்கிறதா? எங்க பரம்பரையிலயே கிடையாது. உங்க அம்மா வீட்ல அப்படிப் பழக்கமோ என்னவோ."

மலினுக்குச் சுருக்கென்றது. "எங்கம்மா நல்லாவே சமைப்பாங்க அத்தை. நீங்கதான் ஒரு வருஷமும் கூப்பிட்டதில்ல."

"சரி, முடிஞ்சுது. விருந்து வழக்கம்போல எங்க வீட்லதான். கிளம்புங்க."

ஆனால் ஸ்டெலனுக்குத் தாய்ப்பெருமை தலைக்கேறியிருந்தது, கூடவே இரண்டு குவளை பீரும். பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டான். "சமைச்சவங்கள வரச் சொல்லுங்க."

"வேணாம்டா. எனக்குக் குளிருது, போலாம்" என்றாள் குன்வோர்.

"இரும்மா. நாலு வார்த்தை கேட்டாத்தான் புத்தி வரும்."

எங்கள் ஸ்டாக்ஹோமில் சாப்பாடு மண்ணாக இருந்தாலும் 'ரொம்ப நல்லா இருந்தது, நன்றி' என்று சொல்லிவிட்டு வெளியே போய்த்தான் திட்டுவோம். அதே நீள மேசையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சட்டென்று தலையைக் குனிந்து, பீர்க் குவளைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள்.

தலைமைச் சமையல்காரி மார்த்தா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கனத்த உடம்பு, நரைத்த தலை.

"நீங்கதான் இதைச் செஞ்சதா?" என்றான் ஸ்டெலன். "ஒரு நாள் எங்கம்மாகிட்ட வந்து கத்துக்கங்க. கறி உருண்டைன்னா என்னன்னு அப்பத் தெரியும்."

மார்த்தாவுக்குக் கோபம் வரவில்லை. யார் அந்த அம்மா என்று குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அட, குன்வோரா? என்ன அதிசயமா முன்வாசல் வழியா வந்திருக்க? கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல அஞ்சு கிலோதானே, பின்கதவுகிட்ட எடுத்து வைக்கிறேன்."

ஸ்டெலனின் வாயிலிருந்த உருண்டை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"ஆறு கிலோவா போடுங்க" என்றாள் மலின். "இந்த வருஷம் எங்க வீட்டுக்கு, எங்கம்மாவும் வர்றாங்க."