கல்யாணத்துக்குப் பத்து காலன்

"அப்பா, கெஸ்ட் லிஸ்ட் நூறைத் தாண்டிடுச்சு. அஞ்சு காலன் பீர் எந்த மூலைக்குப் பத்தும்?" என்றபடி தென்றல் கராஜுக்குள் வந்தாள். கையில் முகூர்த்தப் புடவை இருந்த பை.

சுகர் லேண்ட் நகரத்து வெயிலில் கராஜ் கொதித்தது. பசுபதிக்கு அது உறைக்கவில்லை. ஒரு வருஷமாக அவருக்கு எதுவுமே உறைப்பதில்லை.

"பத்து காலன் போட்டுடலாம்மா. ஆனா பார்லி ஊறவைக்கிற கூலர் அதே கூலர்தான். இதுக்கு மேல பார்லி கொள்ளாது."

"அப்போ தண்ணி சேர்த்துக்கோங்க."

"தண்ணி மாதிரி இருக்குன்னு மாப்பிள்ளை வீட்ல ஒருத்தர் சொன்னாலும் என் மானம் போயிடும்."

கல்யாணத்தில் அவர் பங்கு இந்த பீர் ஒன்றுதான். தென்றல் கேட்டாள், மறுக்க வாய் வரவில்லை. மற்றதையெல்லாம் மாப்பிள்ளையே பார்த்துக்கொள்கிறாராம். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன தடவை பார்லியின் பாதி இனிப்பு சக்கையோடு குப்பைக்குப் போயிருந்தது. இந்த முறை முளைகட்டிய பார்லியை இன்னும் பொடியாக உடைத்திருந்தார். வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறியதை வடித்தார். மிச்ச வெந்நீரை ஒரேயடியாகக் கொட்டாமல், தேங்காயில் இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுப்பதுபோல இரண்டு தடவையாக ஊற்றிக் கலக்கி வடித்தார்.

கசப்புக்குப் போடும் ஹாப்ஸை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். கல்யாணப் பெண்ணுக்குக் கசப்பு ஆகாது. இருபத்தேழு வருஷமாக அவருக்குத் தெரியும்.

வடித்ததில் எவ்வளவு இனிப்பு இறங்கியிருக்கிறது என்று ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தார். கொதித்து வற்றினாலும் பத்து காலன் தேறும், போதையும் குறையாது.

"சூப்பர்ப்பா!" இருபத்தைந்து வயதாகியும் தென்றல் குழந்தைபோலக் குதித்தாள்.

பசுபதிக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையாவது வந்து தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

"எல்லாரும் நல்லா இருக்கட்டும்மா. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்."

தென்றல் அவர் கையிலிருந்த நீளக் கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"பீரை மட்டும் அனுப்பிட்டு வீட்லயே உக்காந்துடாதீங்க. அம்மா கல்யாணத்துக்கு நீங்களும் வாங்கப்பா."