சீட்டிக்கு மசியாத ஐந்து

"ரெண்டடி தள்ளி நில்லுங்க அண்ணே. உங்க நிழல் விழுது" என்றாள் புருல்.

தொரோபெக் நகரவில்லை. நிழல் விழுந்தாவது அவள் எடுக்க வந்த படம் கெட்டுத் தொலையட்டும் என்றுதான் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

புருல், மாவட்டத் தலைநகரில் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைப்பவள். ஞாயிறு வந்தால் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மலையடிவாரத்தில் நடக்கக் கிளம்பிவிடுவாள். இலை பழுக்கும் காலத்தில் கேட்கவே வேண்டாம். இத்தனை பெரிய பள்ளத்தாக்கில் அவளுக்கு இன்று இவன் மேய்ச்சல் நிலம்தானா கிடைத்தது?

"மேலே ஓடைப் பக்கம் போ தங்கச்சி. அங்கே பாப்லர் மரமெல்லாம் தங்கமா ஜொலிக்குது."

"அங்கேருந்துதான் வர்றேன். வெளிச்சம் இங்கேதான் நல்லா இருக்கு."

தொரோபெக்குக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சரிவில் வெள்ளைத் துணி விரித்தது போல நாற்பது செம்மறிகள் மேய்ந்தன. முப்பத்தைந்தின் முதுகில் பச்சைச் சாயம். அது அவன் அடையாளம். மற்ற ஐந்தின் முதுகில் சிவப்பு. அவை பக்கத்து வீட்டு அனார்கானுடையவை.

கோடை மேய்ச்சல் முடிந்து மலையிறங்கும்போது பனிப்புயலில் இரண்டு மந்தைகளும் கலந்துவிட்டன. "அவ ஆடு ஒண்ணுகூட என்கிட்ட இல்லை" என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ரொட்டியில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான் தொரோபெக். "ரொட்டி மேலேயே சொல்லிட்டான். இனிமே உன்கிட்ட ஆதாரம் இருந்தா கொண்டா" என்று அனார்கானை அனுப்பிவிட்டார்கள்.

ரொட்டி மேல் பொய் சொன்னவனோடு ஊரில் ஒருவரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். சிவப்பின் மேல் பச்சையைப் பூசிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் சாய டப்பா காலி. மைத்துனன் சந்தையிலிருந்து நாளைக்குத்தான் வருவான். இந்த ஒரே ஒரு நாள்!

விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தான். முப்பத்தைந்து ஆடுகளும் ஒழுங்காகத் திரும்பி மேட்டுக்குப் பின்னால் போயின. அந்த ஐந்து மட்டும் தலையைக்கூடத் தூக்கவில்லை. அனார்கானின் சீட்டி வேறு மாதிரி.

"உங்க பேச்சைக் கேக்காத பிள்ளைங்களும் இருக்கு போல" என்று சிரித்தாள் புருல்.

"செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்." பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கல்லை வீசினான். ஐந்தும் மிரண்டு ஓடின. நேராகக் கேமராவைப் பார்த்து.

அவள் குனிந்து கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

"தங்கச்சி... படம் கலர்ல வருமா?"

"அந்த வயித்தெரிச்சலை ஏன் கேக்கறீங்க? கூட்டுப்பண்ணை கலைஞ்சதுலேருந்து இந்தப் பக்கம் கலர் ஃபிலிம் கண்ணுலயே படலை. மலையே மஞ்சளும் சிவப்புமாப் பத்தி எரியுது. நான் அதைக் கறுப்பு வெள்ளையில எடுத்துட்டுத் திரியறேன்."

தொரோபெக்குக்கு உயிர் வந்தது. அவன் கல்யாணப் படம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் மனைவியின் சிவப்புச் சால்வையும் அம்மாவின் பச்சைச் சால்வையும் ஒரே சாம்பல். எது யாருடையது என்று மனைவி இன்றைக்கும் புலம்புகிறாள்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன! வெறும் அஞ்சு ஆட்டைப் போய் எடுப்பாங்களா? மந்தைன்னா மந்தையா இருக்க வேண்டாமா?"

மறுபடி சீட்டியடித்தான். முப்பத்தைந்தும் திரும்பி வந்தன. ஐந்தையும் அவனே கழுத்தைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினான். முதுகெல்லாம் வெயில் படும்படி திருப்பிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றான்.

புருல் பையிலிருந்து வட்டமான சிவப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து லென்ஸின் முகப்பில் திருகினாள்.

"அது எதுக்கு?"

"மேகம் எடுப்பா விழும் அண்ணே. அசையாதீங்க."

மூன்று முறை 'க்ளிக்' என்றது.

"பெரிசாப் போட்டு ஊர் மன்றத்துல மாட்டு. பெரியவங்க எல்லாரும் பாக்கட்டும், தொரோபெக் மந்தையை!" என்றான். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "வா, ஒரு கிண்ணம் டீ குடிச்சிட்டுப் போ."

"டீ வேண்டாம், பஸ் போயிடும். ராத்திரியே கழுவி, நாளைக்குக் காலையில மாட்டிடறேன்." கண்ணாடியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். "இதுவழியா உங்க மந்தையைப் பாருங்களேன். ஃபிலிமும் இப்படித்தான் பாத்திருக்கும்."

விளையாட்டாக வாங்கி ஒற்றைக் கண்ணில் வைத்தான். உலகமே ஒரே சிவப்பாக இருந்தது. முப்பத்தைந்து முதுகுகளில் பச்சைச் சாயம் கன்னங்கரேலென்று தெரிந்தது. நடுவே ஐந்து முதுகுகளில் சாயம் இருந்த சுவடே இல்லை. துடைத்துவிட்ட தட்டுகள் போலப் பளிச்சென்று தனியாக நின்றன.

கண்ணாடியை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். புருல் அதைப் பத்திரமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கண்ணாடியை மறந்துடாதேன்னு அனார்கான் அக்கா ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாங்க."